ஆராய்ச்சியின் வேர் பதிவேட்டில் உள்ளது

மருத்துவ விஞ்ஞானத்தில் புதிய முடிவு ஒன்று வெளியாகும்போது, அதைப் பற்றிய செய்தி பெரும்பாலும் இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை பலன் தருகிறது, இன்ன பேராசிரியர் இதனை நிரூபித்துள்ளார் என்பதோடு செய்தி முடிகிறது. படிப்போர் மனத்தில் எழும் சித்திரமும் ஒரே வகையானது: ஓர் ஆய்வுக்கூடம், அதில் ஒரு நுண்பெருக்கி, அதன்மேல் குனிந்திருக்கும் ஒரு மேதை. இச்சித்திரம் பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று. கிராமத்துக் குடிசையின் வாசலில் எடைக் கருவியை வைத்து, அது காட்டிய எண்ணைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதிய ஊழியர் இச்சித்திரத்தில் இல்லை. அவர் எழுதிய எண் பொய்யாக இருந்திருப்பின், பேராசிரியரின் முடிவும் பொய்யாகவே இருந்திருக்கும்.

இந்தியாவில் நடந்த சில மருத்துவ ஆராய்ச்சிகளை எடுத்து நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும். அவை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவை. வெவ்வேறு மாநிலங்களில் நடந்தவை. களத்தில் எடுக்கப்பட்ட நேர்மையான அளவே அவை யாவற்றுக்கும் அடிப்படை. களப்பணியாளரும் ஆசிரியரும் அவற்றை அறிந்திருத்தல் வெறும் பொது அறிவுக்காக அன்று. தம் அன்றாட வேலையின் மதிப்பை உணர்வதற்காகவே ஆகும்.

காசநோயும் சோறும்

1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் அளித்தலே சிறந்த சிகிச்சை எனக் கருதப்பட்டது. நோயாளிகளோ இலட்சக்கணக்கினர், படுக்கைகளோ மிகச் சில. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், நோயாளிகளுள் ஒரு பகுதியினர் ஆரோக்கிய நிலையத்திலும், மற்றொரு பகுதியினர் தம் வீடுகளிலும், ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கடியான இல்லங்களில் வாழ்ந்து, குறைந்த உணவை உண்டவர்கள். எனினும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான முடிவு கூறிற்று. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை ஆரோக்கிய நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததற்கு இவ்வாராய்ச்சி ஒரு முக்கிய காரணமாயிற்று. வீடு வீடாகச் சென்று, நோயாளி மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று முன்னறிவிப்பின்றிச் சோதித்த ஊழியர்கள் இல்லாவிடில் இம்முடிவை ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

ஆயின் ஒரு விடை கிடைத்தவுடன், அதனோடு சேராத மற்றொரு விடையையும் மக்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது உண்டு. மருந்து இருந்தால் போதும், உணவு ஒரு பொருட்டன்று என்ற எண்ணம் பல்லாண்டுகள் நிலவியது. மருந்து உட்கொண்டால் வீட்டிலும் குணமாகுமா என்பதே சென்னை ஆராய்ச்சி கேட்ட வினா. பட்டினியால் வாடும் குடும்பத்தில் யார் புதிதாக நோயுறுகிறார், யார் இறக்கிறார் என்பது வேறு வினா. அவ்வினாவைக் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

அதனைக் கேட்டவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்னும் மருத்துவத் தம்பதியர். மங்களூரில் யெனெப்போயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இவர்கள், சென்னையில் முன்னர்க் கூறிய நிலையத்தின் வழித்தோன்றலாகிய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடனும், ஜார்க்கண்ட் மாநிலக் காசநோய்ப் பணியாளருடனும் சேர்ந்து, 2019-ஆம் ஆண்டு முதல் அம்மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஆய்வு நடத்தினர். 2,800 நோயாளிகளும், அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரும் இதில் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் அளிக்கப்பட்டது. குடும்பத்தினரோ இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவில் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் வைட்டமின் மாத்திரைகளும் வழங்கப்பட்டன. மறு பிரிவினர் வழக்கமான உணவையே உண்டுவந்தனர்.

2023-இல் வெளியான முடிவு இது: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது, சளிச் சோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் கணக்கிட்டால் 48 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய 30 குடும்பங்களுக்கு உணவளித்தால் ஒருவர் நோயுறாமல் காக்கப்படுவார் என்றும் கணக்கிடப்பட்டது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பு மருந்தின் வேலையைச் செய்தன.

இதே ஆய்வில் மற்றோர் எண்ணும் உள்ளது. சிகிச்சைக்கு வந்த ஆடவரின் சராசரி எடை 42.6 கிலோ, பெண்டிரின் சராசரி எடை 36.1 கிலோ. வளர்ந்த மனிதர்களின் எடை இது. சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. 36 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 5 சதவீதம் என்பது 1.8 கிலோ. பழுதான கருவியோ, பாராமல் எழுதும் கையோ இந்த 1.8 கிலோவை எளிதில் மறைத்துவிடும். அது மறைந்தால், அப்பெண் அபாயத்தில் இருக்கிறாள் என்ற எச்சரிக்கையும் மறைந்துபோகும்.

காசநோயாளிகளின் ஊட்டத்துக்கென 2018-இல் தொடங்கிய மாதம் 500 ரூபாய் உதவித்தொகையை மத்திய அரசாங்கம் 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் பணம் பெற்ற நோயாளியின் எடை கூடியதா என்பதை அறிய எடைக் கருவி ஒன்றே வழி.

பிரசவமும் இரத்தத்தின் அளவும்

பிரசவத்துக்குப் பின் ஏற்படும் மிகையான இரத்தப்போக்கு, தாய்மார் இறப்பதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போயின் அது அபாயம் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எவ்வளவு போயிற்று என்பதை எவ்வாறு அறிவது? பல்லாண்டுகளாகக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே வழக்கம். அம்மதிப்பு உண்மை அளவைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருப்பதைக் கர்நாடக மாநிலம் பெலகாவியில் நடந்த ஒப்பாய்வு காட்டியது. அளந்ததற்குப் பயன்பட்ட கருவி மிக எளியது: பிரசவித்த பெண்ணின் உடலுக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் நுனியில் அளவுக்கோடுகள் இட்ட ஒரு பை.

இவ்விரிப்பைக் கொண்டு பெலகாவி ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியின் கொட்கணி, கௌடர் ஆகிய மருத்துவர்களும், அமெரிக்க மருத்துவர் டெர்மனும் பிறரும் 2002-ஆம் ஆண்டு முதல் 2005 வரை ஆராய்ச்சி நடத்தினர். கிராமப்புறப் பெண்கள் 1,620 பேர் இதில் பங்குகொண்டனர். பிரசவம் பார்த்தவர்களும், மருந்தைக் கொடுத்தவர்களும், இரத்தத்தை அளந்தவர்களும் 25 துணைச் செவிலி-மருத்துவச்சிகளே. மிஸோப்ரஸ்டால் என்னும் மாத்திரை பெற்றோரில் 6.4 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றோரில் 12 சதவீதத்தினருக்கும் மிகை இரத்தப்போக்கு ஏற்பட்டது. ஊசியும் குளிர்ப்பெட்டியும் இல்லாத துணை நிலையத்திலும் தாயைக் காக்க இயலும் என்பது உறுதியாயிற்று. 2011-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இப்பயனுக்காக அம்மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அளவிடுதலின் ஆற்றலை மற்றோர் ஆராய்ச்சி மேலும் விளக்கியது. கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை உட்படுத்தி, அரி குமாரசாமியும் உடன் பணியாற்றியோரும் நடத்திய இதன் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அளவிட்ட விரிப்பால் இரத்தத்தை அளந்து, மிகை கண்டவுடன் தெரிந்த சிகிச்சைகள் யாவற்றையும் ஒருங்கே தொடங்கும் முறையைப் பின்பற்றிய மருத்துவமனைகளில், கடும் இரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தோர் 1.6 சதவீதம், வழக்கமான முறையில் 4.3 சதவீதம். இதில் புதிய மருந்து எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவை அளவும் விரைவுமே. அளக்காத இடங்களில் இரத்தப்போக்குற்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் நிலை கண்டறியப்படவே இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

காலராவும் உப்புச் சர்க்கரை நீரும்

கல்கத்தாவில் சம்பு நாத் தே என்னும் நோய்க்குறியியல் அறிஞர் முயலின் குடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தி, அங்கு நீர் சுரந்து தேங்குவதைக் கண்டார். பின்னர்க் கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவமும் அதே விளைவைத் தருவதை 1959-இல் வெளியிட்டார். காலராவில் கொல்வது குடலில் சுரக்கும் நஞ்சே என்பதும், அந்நஞ்சால் உடல் நீரை இழப்பதே மரணத்துக்குக் காரணம் என்பதும் இவ்வாறு தெளிவாயின. 1985-இல் மறைந்த இவ்வறிஞருக்குத் தாய்நாட்டில் உரிய பெருமை வாழ்நாளில் கிட்டவில்லை.

நீரை இழப்பதே மரணம் எனின், இழந்த நீரைத் திரும்ப அளித்தலே சிகிச்சை. வெறும் நீரைக் குடலின் சுவர் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. உப்பும் குளூக்கோஸும் சரியான விகிதத்தில் சேர்ந்திருப்பின், அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உட்செல்ல, நீரும் உடன் செல்கிறது. காலரா நஞ்சு இவ்வழியை அடைப்பதில்லை. 1971-ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் திரண்டு வந்தபோது, எல்லையிலுள்ள பன்காவ் முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்குப் பணியாற்றிய குழந்தை மருத்துவர் திலீப் மஹலனபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் என்ற அளவில் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு 4-க்கும் கீழே குறைந்தது. புகட்டியவர்கள் தாயும் தமக்கையும் அண்டை வீட்டாருமே. இம்மருத்துவர் 2022-இல் மறைந்தார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் வெற்றிக் கதை இங்கு முடிந்துவிடவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளில் ஏறக்குறைய 61 சதவீதத்தினருக்கே உப்புச் சர்க்கரைக் கரைசல் புகட்டப்பட்டது. பத்துக் குழந்தைகளில் நான்கு குழந்தைகளுக்கு, சில ரூபாய் விலையுள்ள, அரைநூற்றாண்டுக்கு முன்னரே நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிட்டவில்லை. இக்குறையை நீக்கப் புதிய விஞ்ஞானி தேவையில்லை. பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவு நீரில் அதை முழுவதும் கரைக்க வேண்டும் என்பதைத் தாய்க்குச் செய்து காட்டும் ஊழியரும், அதை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியருமே தேவை.

பச்சிளங் குழந்தையும் கிராமப் பெண்ணும்

மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1986 முதல் பணியாற்றி வருகின்றனர். பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திலேயே மிகுதியாக இறப்பதைக் கண்ட இவர்கள், 39 கிராமங்களில் அவ்வக்கிராமத்துப் பெண்களையே தேர்ந்து, குழந்தையின் எடை பார்க்கவும், உடல் வெப்பத்தை அளக்கவும், மூச்சை எண்ணவும், நச்சுத்தொற்றின் அறிகுறிகளைக் கண்டறிந்து மருந்து தரவும் பயிற்றினர். 1999-இல் வெளியான முடிவின்படி, மூன்றாம் ஆண்டில், இப்பயிற்சி இல்லாத கிராமங்களோடு ஒப்பிட, பச்சிளங் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது. பிறந்த குழந்தையின் வீட்டுக்கு ஆஷா ஊழியர் குறித்த நாட்களில் சென்று பார்க்கும் திட்டம் 2011-இல் நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்டபோது, அதற்கு முன்னோடியாக நின்றது இவ்வனுபவமே. இன்று ஓர் ஆஷா ஊழியர் மூன்றாம் நாளில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார் எனின், அவருக்கு முன் கட்சிரோலியின் பெண்கள் தட்டியுள்ளனர்.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தின் வரலாறும் இத்தகையதே. டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தில், தொற்றிருந்தும் நோயுறாத பச்சிளங் குழந்தைகளிடம் ஒரு வைரஸ் வகையை எம். கே. பான் கண்டறிந்தார். அதிலிருந்து உருவான மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, 2014-இல் முடிவு வெளியாயிற்று. கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை அது 53.6 சதவீதம் தடுத்தது. நூற்றுக்கு நூறு என்று ஒருவரும் கூறவில்லை. பாதிக்குச் சற்று மேல் என்ற அந்த எண், கூட்டாமல் குறைக்காமல் சொல்லப்பட்டது. அதனாலேயே அது நம்பத்தக்கதாயிற்று. 2016-இல் நான்கு மாநிலங்களில் அம்மருந்து வழங்கப்படலாயிற்று; 2019-இல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துத் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது.

செய்ய வேண்டுவன

களப்பணியாளர் கட்டளையை நிறைவேற்றுபவரே. சிந்தித்தல் மேலிடத்தின் வேலை. ஆகவே அவரை ஆராய்ச்சியாளர் எனக் கூறுதல் உபசார வார்த்தை என்று சிலர் கருதலாம். ஆராய்ச்சியின் வினாவை வகுத்தலும், முடிவைக் கணித்தலும் தனிப் பயிற்சி வேண்டும் வேலைகள் என்பது உண்மையே. எனினும் பெலகாவியில் அளந்த 25 பேரில் ஐவர் பையின் கோட்டைப் பாராமல் எண்ணை எழுதியிருப்பின், எந்தக் கணித நிபுணராலும் அதைத் திருத்தியிருக்க இயலாது. சிந்தனைக்கு உரிய பொருளைத் தருபவர் சிந்தனையில் பங்கில்லாதவர் ஆகார்.

மற்றொரு கசப்பான உண்மையையும் மறைத்தல் கூடாது. பாராமல் எழுதும் பழக்கம் இந்நாட்டில் இல்லாத ஒன்றன்று. அதற்கு ஊழியரின் சோம்பலை மட்டும் காரணமாக்குதல் நியாயமாகாது. ஒரே விவரத்தைப் பல பதிவேடுகளிலும் கைபேசியிலும் எழுதவேண்டியுள்ளது. எடைக் கருவி பழுதானால் மாற்று வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கை குறைந்திருந்தால் மேலதிகாரி கடிந்துகொள்கிறார். உண்மையான கெட்ட எண்ணுக்குத் தண்டனையும், பொய்யான நல்ல எண்ணுக்குப் பாராட்டும் கிடைக்கும் இடத்தில் பொய்யே விளையும். உண்மை எண்ணைக் கொணர்ந்த ஊழியரைக் காத்தல் மேற்பார்வையாளரின் முதற்கடமை.

இதனின்று மூன்று செயல்கள் பெறப்படுகின்றன. முதலாவது, ஓர் ஆய்வில் உழைத்த ஊழியருக்கும், பங்குகொண்ட கிராமத்தாருக்கும் அதன் முடிவு அவரவர் மொழியில் திரும்பச் சென்று சேரவேண்டும். ஆங்கில இதழில் வெளியாதல் ஆய்வின் முடிவாகாது. எடை பார்த்தவருக்கு அந்த எடை எதை நிரூபித்தது என்று தெரியும்போதே அது முடிவுறும். இரண்டாவது, மருத்துவச் செய்தியை எடுத்துரைப்போர் யாவராயினும், எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, யாரோடு ஒப்பிடப்பட்டது, எத்தனை பேருக்குப் பயன்படவில்லை என்னும் மூன்றையும் சேர்த்தே கூறவேண்டும். இவை இல்லாத செய்திக்கும் சந்தையில் மூலிகை விற்பவரின் சொல்லுக்கும் வேற்றுமை காண்பது அரிது. மூன்றாவது, பள்ளியில் அயல்நாட்டு மேதைகளின் பெயர்களோடு தே, மஹலனபிஸ், பங், பான், பார்கவா ஆகிய பெயர்களும் சொல்லப்படவேண்டும். அதனினும் மேலாக, மாணவர் தாமே அளந்து எழுதிப் பழகவேண்டும். வகுப்பிலுள்ளோரின் உயரத்தையும் எடையையும் மாதம் ஒருமுறை அளந்து, கிடைத்த எண்ணை மாற்றாமல் எழுதி, இரண்டு மாணவர் தனித்தனியே அளந்தவை ஏன் வேறுபடுகின்றன என்று ஆராய்தலினும் சிறந்த விஞ்ஞானப் பாடம் வேறில்லை. இதற்கு ஓர் எடைக் கருவியும், ஓர் அளவு நாடாவும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

ஜார்க்கண்டில் 36 கிலோ எடையோடு சிகிச்சைக்கு வந்த பெண், தம்மால் ஓர் ஆராய்ச்சி நடந்தது என்பதை அறிந்திருக்கமாட்டார். இரண்டு மாதத்துக்குப் பின் அவர் மீண்டும் கருவியின் மீது ஏறி நின்றபோது, முள் எங்கு நின்றதோ அதை ஒருவர் உள்ளபடி எழுதினார். அவ்வெழுத்து அவருடைய உயிரையும், அவரைப் போன்றோர் பலருடைய உயிரையும் பற்றியது. நாளைக்காலை எடைக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் ஒவ்வொரு ஊழியரும், பதிவேட்டின் அடுத்த கட்டத்தில் எழுதப்போகும் எண்ணும் அத்தகையதே என்பதை நினைவிற் கொள்வாராக.